பழைய காரின் பழைய கதை: சொல்லாமல் விற்றால் சட்டம் என்ன செய்யும்?

1872-இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை வருகிறது. ஏமாற்று என்றால் என்ன என்று 17-ஆவது பிரிவு சொல்லிவிட்டு, நமக்குப் புரிவதற்காக அந்தக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒருவர் தன் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். வாங்குபவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது ஏமாற்று ஆகாது என்கிறது சட்டம். வாங்குவது அவருடைய சொந்த மகள், அவளும் இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால் கதை வேறு. அப்போது அவர் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு நிலையும் உண்டு. வாங்குபவர், "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இந்த இடத்தில் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

குதிரை போய்க் கார் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று திருச்சியிலோ கோவையிலோ ஒரு பழைய கார் வாங்குபவரின் நிலை பெரும்பாலும் இந்த மூன்று குதிரைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கிறது. எது என்பதைத் தீர்மானிப்பது, பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர் என்ன கேட்டார் என்பதுதான்.

என் சித்தப்பா வாங்கியது முதல் குதிரை. 2016 கோடையில், சென்னைப் பதிவெண் கொண்ட ஒரு பெட்ரோல் கார், சிங்கிள் ஓனர், மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை வந்ததும் பவர் விண்டோ நின்றது, அப்புறம் டேஷ்போர்டில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. ஏ.சி. போட்டால் ஈரத்துணி வாடை. மெக்கானிக் முன் சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினால், அடியில் பவுடர் மாதிரி வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி அது. விற்ற டீலரிடம் போய்க் கேட்டபோது அவர் நிதானமாகச் சொன்ன பதில் இது: "நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

அந்த ஒரு வாக்கியத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், என்னென்ன மறைக்கப்படுகிறது? வெள்ளம் நம் ஊரில் பெரிய விஷயம். 2015-க்குப் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மறுபடி மூழ்கியது. அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. இப்படி மூழ்கிய கார்களுக்குப் பழுதுச் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்துவிடும். உரிமையாளருக்குப் பணம் கிடைக்கும். வண்டி? அது சால்வேஜ் விலைக்கு, அதாவது சேதமான வண்டிக்குக் கிடைக்கும் விலைக்கு, ஏலத்தில் போகும். வண்டி நிரந்தரமாக ஓட முடியாத நிலைக்குப் போய்விட்டால் பதிவை ரத்து செய்யச் சொல்லி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 'ஓட முடியாத வண்டி' என்பதும் 'பழுது பார்க்கக் கட்டுப்படியாகாத வண்டி' என்பதும் ஒன்றல்ல. குறைந்த கூலியில், வேறு வண்டியில் கழற்றிய பாகங்களைப் போட்டுத் தேற்றினால் அது ஓடும். ஆர்.சி.யும் உயிரோடு இருக்கும். வேறொரு மாவட்டத்தில் யாரோ ஒருவருக்கு அது முதல் காராகப் போய்ச் சேரும்.

அடுத்தது மீட்டர். பழைய பல்சக்கர மீட்டரைத் திருப்பக் கொஞ்சமாவது கைவேலை தெரிய வேண்டும். இப்போதைய டிஜிட்டல் மீட்டருக்கு ஒரு லேப்டாப்பும் ஒயரும் போதும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டி அரை மணி நேரத்தில் அறுபதாயிரம் ஆகிவிடும். அமெரிக்காவில் 1972-லேயே இதற்கென்று மத்தியச் சட்டம் போட்டு, கைமாறும்போது மீட்டர் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். டைமிங் பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று ஒரு காரின் எதிர்காலச் செலவெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்காகிறது. அந்த எண்ணே பொய் என்றால் பேசிய விலையும் பொய்தான்.

மற்றவை வழக்கமானவை. பெரிய விபத்தில், கூரையைத் தாங்கும் தூணான பில்லர் வரை வளைந்து டிங்கரிங் பார்த்த வண்டி, மஞ்சள் போர்டில் ஓடிப் பிறகு வெள்ளை போர்டுக்கு மாறியது, கடன் முடியாமல் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருப்பது. டெல்லி வண்டிகளும் உண்டு. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களும் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு, வயதாகிக்கொண்டிருக்கும் வண்டிகள் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கித் தெற்கே வருகின்றன. அப்படி வருவது குற்றமில்லை. வந்த கதையைச் சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

ஒப்பந்தச் சட்டம் மௌனத்தை மன்னிக்கும், மறைப்பதை மன்னிக்காது. ஒரு விஷயம் தெரிந்திருந்தும் அது வெளியே வராமல் முனைந்து மறைப்பது ஏமாற்று என்று அதே 17-ஆவது பிரிவு சொல்கிறது. மீட்டரைக் குறைப்பது வெறும் மௌனம் அல்ல. கைவைத்துச் செய்த காரியம். வெல்டிங் பார்த்த பில்லரின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு "ஒரிஜினல் பெயின்ட் சார்" என்பதும் அப்படியே. இப்படி ஏமாற்றப்பட்டவர் ஒப்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்; அந்த உரிமையைத் தருவது 19-ஆவது பிரிவு.

ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒரு விலக்கு இருக்கிறது. விற்றவர் செய்தது மௌனம் மட்டும்தான், வாங்கியவர் சாதாரண அளவுக்குக் கவனம் எடுத்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், அவர் சொன்ன விவரத்தை நம்பி வாங்கினால், பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்று 16-ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. வாங்குபவர் அதைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய கார் என்பதால் தரத்தை அதன் வயதையும் விலையையும் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்பதும் இயல்பு. அதனால், "நான் வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று பெருமையாகச் சொல்வது பிறகு நமக்கு எதிராகவே திரும்பலாம். டயர் தேய்ந்திருந்தது, கண்ணாடியில் கீறல் இருந்தது என்று புகார் சொல்ல முடியாது. தரைவிரிப்புக்கு அடியில் வண்டல் இருந்தது என்று சொல்லலாம்.

யாரிடம் வாங்கினோம் என்பதும் முக்கியம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளைத்தான் பிடிக்கும். பக்கத்துத் தெரு ஆசிரியர் தன் சொந்தக் காரை விற்றால் அவர் வியாபாரி அல்ல. அவர் பொய் சொல்லியிருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம்; தெரிந்தே ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் போலீஸ் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்தின் எளிய வழி அங்கே திறக்காது. நேரடியாக உரிமையாளரிடம் வாங்கினால் விலை குறையும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். அதோடு சேர்ந்து பாதுகாப்பும் குறைகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

டீலரிடம் வாங்கியவருக்கு 2019 சட்டத்தில் நல்ல பிடிமானங்கள் உண்டு. 'குறைபாடு' என்பதற்கு அது தரும் விளக்கத்தில், வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்துக்கு குறைவாக இருப்பதும் அடங்கும். எந்த விதத்திலாவது என்றால் விளம்பரம், வாட்ஸ்அப், வாய்வார்த்தை எல்லாமே. "நான்-ஆக்சிடென்ட், ஷோரூம் சர்வீஸ், ஜெனியூன் கிலோமீட்டர்" என்று அவர் போட்ட ஒரு வரி, அந்த வண்டிக்கு அவரே விதித்துக்கொண்ட தரம் ஆகிவிடுகிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் தனியாகவும் சொல்கிறது.

இன்னொரு இடம் பலருடைய கண்ணில் படுவதில்லை. 'சேவைக் குறைபாடு' என்பதன் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் வைப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1872-இன் குதிரைக்காரருக்குக் கிடைத்த மௌன உரிமை இங்கே மறுக்கப்படுகிறது. ஆனால் இது சேவைக்குச் சொன்னது, பொருளுக்கு அல்ல. இப்போது யோசித்துப் பாருங்கள்: இருநூறு அம்சங்களைச் சோதித்துச் சான்று தருகிறோம் என்று சொல்லிக் கார் விற்கும் ஆன்லைன் நிறுவனங்கள் தருவது வெறும் பொருளா? சோதனை என்பது ஒரு சேவை. சோதித்தவருக்கு வெள்ளத் தடயம் தெரிந்தும் அறிக்கையில் அதை விட்டிருந்தால், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்றவர் வேறு ஒருவர்" என்ற வாதம் அந்தச் சேவைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. கமிஷன் வாங்கிக்கொண்டு வண்டியைக் காட்டிய புரோக்கரையும் இதே கோணத்தில் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

டீலர் சிக்கினாலும் தயாரிப்பு நிறுவனம் சிக்காமல் போகலாம். கோவாவில் ஒருவர் 2011 மாடல் புதுக் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்தது 622 கிலோமீட்டர் ஓடியிருந்த 2009 மாடல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில் முடிந்தது. டீலரின் இந்தச் செயல் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்குச் சான்று இல்லை, இரு தரப்பும் தனித்தனி வியாபாரிகளாகத்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, நிறுவனத்தை மட்டும் பொறுப்பிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. பெரிய பிராண்டின் பெயர்ப் பலகைக்குக் கீழே வாங்குகிறோம் என்பதற்காகவே அந்த பிராண்ட் பொறுப்பேற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டீலர்களின் ரசீதில் அடிக்கடி ஒரு வரி வரும்: வண்டி இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில் விற்கப்படுகிறது, பிறகு எந்தப் புகாரும் ஏற்கப்படாது. இதைக் கண்டு பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டப்படி, மறைமுகமாக வரும் தர உத்தரவாதங்களை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம், அது சரிதான். ஆனால் பொய் சொல்லி வாங்கிய கையெழுத்துக்கு அந்த வரி கவசமாகாது. மீட்டரைத் திருத்தியவர் 'இருக்கும் நிலையில்' விற்றேன் என்று சொல்ல முடியாது. இருக்கும் நிலையைத்தான் அவர் காட்டவே இல்லையே.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர்கள் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டி எங்கெல்லாம் ஓடியது என்று மின்னணுப் பயணப் பதிவேடும் வைக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அவற்றின் கவலை வண்டி யார் கையில் இருக்கிறது என்பதே. வண்டியின் உடம்புக்கு என்ன ஆனது என்பது அல்ல. ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்று இருக்கும், எத்தனை முறை மூழ்கியது என்று இருக்காது. அந்தத் தகவல் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கிறது, கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணினியில் இருக்கிறது. வாங்குபவரிடம் மட்டும்தான் இல்லை. ஒரு வண்டிக்கு டோட்டல் லாஸ் கொடுத்தால் அந்த ஒரு சொல்லை ஆர்.சி.யில் ஏற்றுவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதுவரை நாமேதான் துப்பறிய வேண்டியிருக்கிறது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கி அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20, பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50. ஆறு வருடம் ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டிக்கு போனஸ் பூஜ்யம் என்றால், அண்மையில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கலாம், அல்லது பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம். இரண்டுமே கேட்க வேண்டிய விஷயம். உரிமையாளரையோ டீலரையோ கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால், ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் வந்துவிடும். 2021-இல் எண்பதாயிரம் காட்டிய வண்டி இப்போது ஐம்பதாயிரம் காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட் ஓடும் தண்டவாளத்தையும் பார்க்க மறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஏறக்குறைய இப்படி: "இந்த வண்டி வெள்ளத்திலோ பெரிய விபத்திலோ சிக்கியதில்லை, டோட்டல் லாஸ் ஆனதில்லை, வாடகைக்கு ஓடியதில்லை, மீட்டர் அளவு உண்மையானது, கடன் பாக்கி இல்லை என்று நம்பித்தான் வாங்குகிறேன். இதில் ஏதாவது சரியில்லை என்றால் பணம் வாங்கும் முன் சொல்லுங்கள்." இது அந்த மூன்றாவது குதிரையின் வாசகம், வேறொன்றும் இல்லை. பதில் வந்தால் அது அவர் வாக்குறுதி. பதிலே வராமல் பணத்தை வாங்கிக்கொண்டால், அந்த மௌனமும் இனி பேச்சு.

பிறகு தகராறு வந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐம்பது லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடலாம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. சென்னையில் கார் வாங்கிய தென்காசிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள். வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினேன் என்றாலும், அது சொந்தப் பிழைப்புக்காக என்றால் நீங்கள் நுகர்வோர்தான். விற்ற தொகையை வட்டியோடு திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

கால வரம்பு இரண்டு வருடம். எதிலிருந்து இரண்டு வருடம் என்பதில் வாதம் வரும், அதனால் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியமானது, குறை தெரிந்தவுடன் வண்டியைப் பிரித்து ரிப்பேர் பார்த்துவிடக் கூடாது. சித்தப்பா அந்தத் தவறைத்தான் செய்தார். வண்டலைக் கழுவி, ஒயரிங்கை மாற்றி, நாற்பதாயிரம் செலவு செய்த பிறகு வக்கீலைப் பார்த்தார். கையில் சான்று என்று இரண்டு மங்கலான போட்டோ மட்டும்தான். முதலில் டீலருக்கு எழுத்தில் நோட்டீஸ், தேதியோடு படங்கள், தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையெழுத்திட்ட பரிசோதனை அறிக்கை. அதற்கப்புறம்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே உரிய சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு வண்டி பழைய நிலையில் இருக்க வேண்டும்.

சித்தப்பா வழக்குப் போடவில்லை. 2022-இல் மறுபடி ஒரு பழைய கார் பார்த்தார், இந்த முறை தஞ்சாவூரில் வேறொரு டீலர். மேலே இருக்கும் அந்தச் செய்தியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் பதிலே இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருந்தது. மூன்றாவது நாள் காலையில் வந்தது: "சார், லெஃப்ட் சைடு ரெண்டு டோரும் மாத்தியிருக்கு, 2020-ல இன்ஷூரன்ஸ் கிளெய்ம். மத்தது எல்லாம் சரி. வேணும்னா பில் அனுப்புறேன்." பில்லை வாங்கிப் பார்த்தார், முப்பதாயிரம் குறைத்துப் பேசினார், வாங்கினார். இப்போதும் அந்தக் காரில்தான் போகிறார்.